கொக்கின் வயிற்றுக்குப் போகவேண்டியது

பழவேற்காடு ஏரியில் வலை கட்ட நட்டிருக்கும் கழிகளை மீனவர்களைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொள்பவை நீர்க்காகங்கள்தான். முங்கி எழுந்து, கழியின் உச்சியில் உட்கார்ந்து, இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கும். கழி முழுக்க வெள்ளை வெள்ளையாக எச்சம். கரையில் கொக்கு, சற்றுத் தள்ளி நாரை, எல்லாம் ஒரே வேலையாகத்தான் நிற்கின்றன. மீனவ ஊர்களான கோட்டைக்குப்பத்திலோ ஆண்டிகுப்பத்திலோ இவற்றுக்கு நல்ல பெயர் கிடைக்காது. பாடு முறையில் இன்று யார் எங்கே வலை போடுவது என்று மனிதர்கள் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். பறவைக்கு அப்படி எதுவும் இல்லை, எல்லார் பாட்டிலும் பங்கு. சென்னையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் தேடும் பூநாரைக்கு இந்தக் கதையில் இடம் கிடையாது. அது தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவை. நமக்கு வேண்டியது மீன் தின்னும் பறவை. அதிலும் அதன் எச்சம்.

அந்த எச்சத்துக்குள் முட்டைகள் இருக்கக்கூடும். ஒரு மில்லிமீட்டரை முப்பது கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நீளம். இட்டது, பறவையின் குடலில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு தட்டைப்புழு. வளர்ந்த புழுவே அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. புரோசெரோவம் வேரியம் என்று பெயர். 1916-இல் ஓஞ்சி, நிஷியோ என்ற இரண்டு ஜப்பானியர்கள் இதை விவரித்து எழுதினார்கள். பறவைக்கு இதனால் பெரிய தொந்தரவு இருப்பதாகத் தெரியவில்லை. தின்னும், பறக்கும், எச்சமிடும். புழுவுக்கு வேண்டியதும் அதுதான். முட்டை நீரில் விழ வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

பழவேற்காடு இருக்கும் மீஞ்சூர் ஒன்றியத்தின் நீரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தப் புழுவின் வழியைச் சொல்லப்போகிறேன். இது கடைசியில் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் மீஞ்சூர்ப் பிள்ளைகள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தவர்கள்; ஊர்க் குளத்திலும் ஆற்றிலும் குளித்தவர்கள். ஆனால் இந்தப் புழுவின் பிழைப்பு பறவை, நத்தை, மீன் என்று மூன்று பேரை நம்பியது. மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பதற்கு ஆரணியாறு ஏரியில் கலக்கும் இந்தப் பகுதியைவிடத் தோதான இடம் சுலபத்தில் கிடைக்காது. முகத்துவாரம் வழியாக வரும் உப்புநீர் ஒரு பக்கம். மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் இன்னொரு பக்கம். மீஞ்சூரிலிருந்து வடக்கே போகும் வழியெங்கும் ஏரியும் குளமும் தாங்கலும்.

முட்டை நீரடிச் சேற்றில் இறங்குகிறது. தானாகப் பொரிந்து நீந்தி நத்தையைத் தேடும் தட்டைப்புழுக்கள் உண்டு. இது அந்த ரகமில்லை, சும்மா கிடக்கும். நத்தை வந்து சேற்றை மேயும்போது அதோடு உள்ளே போக வேண்டும், உள்ளே போய்த்தான் பொரியும். எந்த நத்தையும் சரிப்படாது. மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா என்ற நத்தை வேண்டும். சுண்டுவிரலின் பாதி நீளத்துக்குக் கூம்பாகச் சுருண்ட ஓடு, பழுப்பு நிறம், மேலே செம்புள்ளிகள். குளத்துப் படியில் உட்கார்ந்து சேற்றை அள்ளினால் கையோடு வரும். பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

இந்த நத்தைக்கு நம் பக்கத்து ஊர்ப்பெருமை ஒன்று உண்டு. 1774-இல் ஓட்டோ ஃப்ரெடரிக் முல்லர் என்ற டென்மார்க் இயற்கையியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, கிடைத்த இடம் என்று குறித்தது சோழமண்டலக் கரையை. அந்தக் காலத்தில் டேனியர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு இந்த நத்தை அமெரிக்கா வரைக்கும் போய்விட்டது. கூட்டிப்போனது மீன்தொட்டி வியாபாரம். கொளத்தூர் மீன் கடைகளில் தொட்டிச் செடி வாங்கினால் வேரோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடும். ஆண் தேவையில்லை. பெண் நத்தை தானாகவே கருக்கொண்டு, முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். ஒன்று போன இடத்தில் ஓர் ஊரே உண்டாகிவிடும்.

நத்தைக்குள் நடப்பதை எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. பொரிந்த முட்டையிலிருந்து வந்தது அப்படியே வளர்ந்து ஒரு புழு ஆவதில்லை. பை போன்ற உடலாகி, அதற்குள் ரீடியா என்ற அடுத்த தலைமுறையைப் பிறப்பித்து, அவை ஒவ்வொன்றும் தமக்குள் நூற்றுக்கணக்கில் லார்வாக்களைப் பிறப்பிக்கின்றன. இடமும் தீனியும் வேண்டுமே. நத்தையின் இனப்பெருக்க உறுப்பு இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நத்தை சாவதில்லை, மேய்ந்துகொண்டிருக்கும், ஆனால் அதன் பிறகு அது மேய்வது தன் வம்சத்துக்காக இல்லை. ஒரு முட்டையிலிருந்து ஆயிரக்கணக்கில் லார்வா. புழு இவ்வளவு தாராளமாக இருப்பதற்குக் காரணம், அடுத்த கட்டத்தில் அநேகமாக எல்லாமே வீணாகப் போகும் என்பதுதான்.

லார்வாவின் பெயர் செர்க்கேரியா. உடம்பு, வால், வாலின் ஓரத்தில் மெல்லிய துடுப்பு. தலைப்பக்கத்தில் இரண்டு கரும்புள்ளிகள். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உணர்வதற்கான கண்புள்ளிகள். பின்னால் நடக்கப்போவதை வைத்துப் பார்த்தால் இது கொஞ்சம் குரூரமான விவரம். வெளிச்சம் பட்டால் நத்தையை விட்டுக் கிளம்பும். இதற்கு இரை எடுக்கத் தெரியாது. நத்தை தந்த சேமிப்பில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நீந்தலாம். அதற்குள் ஒரு மீனின் மேல் மோத வேண்டும். மோதினால் வாலை உதறிவிட்டு, சுரப்பியிலிருந்து தோலைக் கரைக்கும் நீரை விட்டு, செதிலுக்கும் செவுளுக்கும் அடியில் நுழைந்து, கூடு கட்டி உறங்கிவிடும். மோதாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

எந்த மீன்? இந்தக் குடும்பத்துப் புழுக்களுக்கு மடவை என்றால் உலகமெங்கும் பிரியம். அதற்கு மடவையின் பழக்கமே காரணம். குஞ்சாக இருக்கும்போது கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகக் கழிமுகத்துக்குள் வரும், கூட்டமாகத் திரியும், கரையோரத்து ஆழமில்லாத நீரில் சேற்றை உறிஞ்சித் தின்னும், பெரிதானால் முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். நத்தை மேயும் சேறும் மடவை மேயும் சேறும் ஒன்று. கொக்கு நிற்கும் ஆழமும் அதுவே. பழவேற்காட்டில் முகத்துவாரம் மணல் மூடிப்போன வருஷங்களில் மீனவர்கள் பட்ட பாடு தனிக்கதை. அங்கே வழி அடைபட்டால் உள்ளே வரவேண்டிய மடவைக்கும் இறாலுக்கும் வழியில்லை. வழி திறந்திருக்கும் நல்ல வருஷத்தில் மடவை வந்து சேரும், கொக்கு ஒன்றைக் கொத்தி விழுங்கும், மீன் செரிக்கும், கூடு உடையும், புழு வெளியே வந்து குடலில் ஒட்டும். சில நாட்களில் அதுவும் முட்டையிடும்.

இந்தச் சுற்றில் மனிதனுக்கு வேலையே இல்லை. இருந்தாலும் மனிதன் நடுவில் புகுந்துகொள்ள இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வாய் வழி. மீனைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்பவர்களின் குடலுக்கு இந்தக் குடும்பத்துப் புழுக்கள் போயிருக்கின்றன. 1851-இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், இறந்துபோன ஒரு சிறுவனின் குடலைத் திறந்து பார்த்தபோதுதான் இந்தக் குடும்பத்துக்கே பெயர் கொடுத்த ஹெட்டரோஃபீஸ் புழுவைக் கண்டார். நைல் கழிமுகத்து மடவையை உப்பில் ஊறவைத்து, அடுப்பில் ஏற்றாமல் தின்னும் வழக்கம் எகிப்தில் இன்றும் இருக்கிறது. குடலோடு நின்றால் வயிற்றுவலி, பேதி என்று போய்விடும். நிற்காத கதையும் உண்டு. 1930-களில் மணிலாவில் கேண்டிடோ ஆஃப்ரிக்காவும் அவருடைய கூட்டாளிகளும் பிணச் சோதனைகளில் இந்தப் புழுக்களின் முட்டைகளை இதயத் தசையில் கண்டார்கள். புழு குடல்சுவரில் ஆழமாகப் போய் இட்ட முட்டை, இரத்தத்தோடு கலந்து இதயத்துக்குப் போயிருக்கிறது. இதயம் செயலிழந்து இறந்தவர்களுக்கு எழுதப்பட்ட காரணங்களில் மீன்புழு என்பது அதுவரை கிடையாது.

புழு தனக்கு உரிய இடத்தை விட்டு வேறு உறுப்பில் போய் உட்கார்ந்தால் மருத்துவர் தடுமாறத்தான் செய்வார். நம் ஊரில் இதற்கு வயது அதிகம். 1888-இல் சென்னையில், வலிப்பு வந்து இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் பிணச் சோதனையில் பன்றி நாடாப்புழுவின் கொப்புளங்கள் மூளையில் இருந்ததை ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் எழுதிவைத்தார். இந்தியாவின் முதல் பதிவு அது. நூறு வருஷம் கழித்தும் பிரச்சினை தீரவில்லை. வலிப்போடு வருகிறவர்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் மூளையில் ஒரு சின்ன வளையம் தெரியும். காசநோய்க் கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் 1980-களின் இறுதியில் அப்படிப்பட்ட வளையங்களை அறுத்தெடுத்துப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளநிலை. வளையம் ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, மூளையின் அழுத்தமும் கூடாமல் இருந்தால் அது பெரும்பாலும் புழுதான், காசநோய் மருந்து வேண்டாம் என்று அவர்கள் வகுத்த அளவுகோல், எத்தனையோ பேரைத் தேவையில்லாத மாத்திரைகளிலிருந்து காப்பாற்றியது. காசநோய் மலிந்த நாட்டில் எந்தக் கட்டியைப் பார்த்தாலும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். அதைக் குறை சொல்லவும் முடியாது.

இனி இரண்டாவது வழி. அதற்கு மீனைத் தொடக்கூட வேண்டாம்.

கோடை விடுமுறை. குளம். கரையில் ஆலமரமோ புளியமரமோ, அதிலிருந்து குதிக்கத் தோதான ஒரு கிளை. பையன்கள் காலையில் இறங்கினால் பசித்தால்தான் ஏறுவார்கள். முங்குவார்கள், தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்துகொண்டு ஒருவன் காலை ஒருவன் பிடிப்பான், அடிச்சேற்றைக் கலக்குவார்கள். அதே நீரில் நத்தைகள் வெயில் பட்டதும் தம் சரக்கை வெளியே விட்டிருக்கின்றன. வால் வைத்த அணுவளவு லார்வாக்கள் எதன் மேலாவது மோத அலைகின்றன. மனிதத் தோலின் மேலடுக்கு தடித்தது, காய்ந்தது. கண்ணின் மேற்பரப்பு அப்படியில்லை. ஈரமாக, மெல்லிய சவ்வாக, தேய்ந்த தோலின் பூச்சு எதுவும் இல்லாமல் திறந்து கிடக்கிறது. மீனின் தோலைத் தேடி வந்ததற்கு நம் உடம்பில் இதைவிட ஒத்த இடம் இல்லை. மோதுகிறது, வாலை உதறுகிறது, நுழைகிறது. வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

நுழைந்ததும் இரண்டு பேருக்கும் கெட்ட காலம். புழுவுக்கு இது மீன் இல்லை. இந்தக் கண்ணை எந்தக் கொக்கும் விழுங்கப்போவதில்லை. உறங்குவதற்குக் கூடும் சரியாக அமையாது. செத்துச் சிதையும். பையனின் உடம்பு அந்நியன் வந்துவிட்டான் என்று படையை அனுப்பும். புழுக்களோடு சண்டை போடுவதற்கென்றே இரத்தத்தில் இருக்கும் இயோசினோஃபில் அணுக்கள் முன்னால் வரும். அவை சுற்றி வளைத்து ஒரு கட்டியை உண்டாக்கும். வெள்ளைவிழியின் மேல் வந்தால் சின்னப் பரு மாதிரி உருளும். கருவிழிக்கும் அதன் பின்னாலுள்ள ஐரிஸ் திரைக்கும் நடுவே தெளிந்த நீர் நிறைந்த ஓர் அறை இருக்கிறதே, அதற்குள் வந்தால் கீழ்ப்பக்கம் வெண்மையாக ஒரு முடிச்சு உட்கார்ந்திருக்கும். முத்து என்று நினைத்துவிடலாம், அவ்வளவு அழகு. கண் சிவக்கும், நீர் வடியும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கவனிக்காமல் விட்டால் சவ்வு படரும், புரை விழும். வந்தவர்களில் பெரும்பாலோர் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள், அவர்களிலும் பையன்களே மிகுதி. பெண்பிள்ளைகள் படித்துறையில் குளித்துவிட்டு ஏறிவிடுவதும், பையன்கள் நடுக்குளம் வரை போய் முங்குவதும்தான் இதற்குக் காரணம் என்பது என் ஊகம்.

அரவிந்த் மருத்துவமனையை 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்தி நோயாளிகளைக் கூட்டிவருவது அதன் பழக்கம். அதனால் ஒரே ஊரிலிருந்து பல பிள்ளைகள் ஒரே மாதிரிக் கண்ணோடு வருவது இங்கே ஒருவர் பார்வையில் பட வாய்ப்பு இருந்தது. தனித்தனி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனி ‘காரணம் தெரியாத அழற்சி’யாகக் கோப்புக்குள் போயிருப்பார்கள். கண்ணின் உள்ளழற்சிகளைக் கவனிக்கும் யுவியா பிரிவின் டாக்டர் எஸ். ஆர். ரத்தினம் இதைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டவர்.

அழற்சிக் கட்டி என்றால் பட்டியல் பெரியது: காசநோய், சார்காய்டோசிஸ், பூஞ்சை, நாயிலிருந்து வரும் உருளைப்புழு. நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தம், தோல் சோதனை என்று போனால் எதிலும் பிடி கிடைக்காது. மலத்தில் முட்டை தேடியும் பயனில்லை. புழு குடலுக்கே போகவில்லையே. கண்ணுக்குள் நெளியும் புழுவைப் பிடித்தெடுத்த செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வரும். அங்கெல்லாம் குற்றவாளி விரல் நீளத்துக்கு எதிரிலேயே நெளிகிறான், இடுக்கியால் எடுத்துவிடலாம். இங்கே ஆளே இல்லை, அடையாளம் மட்டும். கட்டியை வெட்டியெடுத்து மெழுகில் பதித்து மெல்லிய சீவல்களாக்கி நுண்நோக்கியில் வைத்தார்கள். எல்லாக் கட்டியிலும் இயோசினோஃபில்கள் நிறைந்திருந்தன. நடுவில் இருந்தது என்ன என்பதற்குத்தான் ஒரு சிலவற்றில் மட்டும் சான்று கிடைத்தது. தட்டைப்புழுவின் மேற்தோல் போன்ற துணுக்குகள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்று செத்துச் சிதைந்த பிறகு அதன் ஒரு துணுக்கு சரியாக அந்தச் சீவலில் சிக்க வேண்டுமென்றால் அதிர்ஷ்டமும் வேண்டியிருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸின் டோஹனி கண் நிலையத்தைச் சேர்ந்த நர்சிங் ராவும் இந்தச் சீவல்களைப் படிப்பதில் சேர்ந்துகொண்டார். 2001-இல் ஒரு கட்டுரை: தென்னிந்தியக் கிராமம் ஒன்றின் பிள்ளைகளுக்கு விழிவெண்படலத்தில் கூட்டமாக வந்த கட்டிகள் தட்டைப்புழுவால் வந்தவை. 2002-இல் இன்னொன்று: கண்ணின் உள்ளறையில் வரும் கட்டிகளுக்கும் அதே குற்றவாளி. இரண்டாவது கட்டுரையின் தலைப்பிலேயே ‘என்று கருதப்படும்’ என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பார்த்தது ஒரு துணுக்கு. அதை வைத்து இனம் சொல்ல முடியாது.

கண்ணும் தட்டைப்புழுவும் சேர்ந்தால் எந்த ஒட்டுண்ணியியலாளருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஃபிலாஃப்தால்மஸ் என்ற புழு. பறவைகளின் கண்ணிமைக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் புழு அது. மனிதக் கண்ணுக்கும் எப்போதாவது வந்திருக்கிறது. இலங்கையில் ஒருவர் கண்ணில் இருந்ததை 1958-இல் திசாநாயக்கவும் பிலிமோரியாவும் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய குற்றவாளி, பழைய இடம், கைரேகை எடுக்காமலே பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தப் புழு கண்ணில் முழுசாக வளர்ந்து கிடைக்கும். இங்கே கிடைத்தது சிதறல்.

அடுத்த அடி குளத்தங்கரையில்தான் வைக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் குளித்த குளங்களிலும் ஆறுகளிலும் இறங்கி நத்தை பொறுக்கினார்கள். நத்தையைக் கண்ணாடிக் குவளையில் நீர்விட்டு வெளிச்சத்தில் வைப்பது இதற்கு வழக்கமான உத்தி. உள்ளே சரக்கு இருந்தால் சிறிது நேரத்தில் நீரில் நுண்ணிய துள்ளல் தெரியும். சோழமண்டலக் கரைப் பெருமை தாங்கிய அந்தக் கூம்பு நத்தை செர்க்கேரியாக்களை விட்டது. ஒரு பக்கம் நத்தை விட்ட லார்வாவின் டி.என்.ஏ., இன்னொரு பக்கம் பிள்ளைகளின் கண்ணிலிருந்து எடுத்த கட்டியின் டி.என்.ஏ. தட்டைப்புழுக்களை இனம் பிரிக்கும் ஐ.டி.எஸ்.2 என்ற பகுதியைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்தெழுத்தாகப் படித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஷில்லாங்கின் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் தட்டைப்புழுக்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த வீணா டாண்டனும் அவருடைய குழுவைச் சேர்ந்த சுதீப் கடானியும் துணை. எல். கே. ஆர்யா முதல் ஆசிரியராக, ரத்தினம், பி. லலிதா, உஷா கிம் ஆகியோரும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 2016 பிப்ரவரியில் வந்தது. இரண்டு பக்கத்து எழுத்துகளும் அதிகம் ஒத்துப்போனது புரோசெரோவம் வேரியத்தோடு. ஜப்பானில் பெயர் வாங்கி நூறு வருஷம் கழித்து, நத்தையும் மீனும் பறவையும் தவிர யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாதிருந்த புழு மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளின் கண்ணில் பிடிபட்டது.

இதைப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது டி.என்.ஏ. இல்லை. அது பெரிய கருவி, சரி. ஆனால் யாருடைய டி.என்.ஏ.யோடு ஒப்பிடுவது என்று கருவி சொல்லாது. பையன் எங்கே குளித்தான், அந்த நீரில் என்ன மேய்கிறது, கரையில் என்ன பறவை நிற்கிறது என்று கேட்ட பிறகுதான் ஒப்பிட ஒரு நத்தை கிடைத்தது. கண் மருத்துவத்தில் கேள்வித்தாள் நீளமானது: காய்ச்சல் உண்டா, மூட்டு வலி உண்டா, வீட்டில் யாருக்காவது டி.பி. உண்டா, நாய் வளர்க்கிறீர்களா. குளியல் பற்றிய கேள்வி அதில் எங்கோ கடைசியில் இருந்தது. நகரத்து மருத்துவமனையில் உட்கார்ந்தால் குளியல் என்பது குழாயும் வாளியும்தான். அதில் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

இதைக் கேட்டுவிட்டுக் குளத்தில் இறங்காதே என்று பலகை மாட்டுவது சுலபம். குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வரும் ஊரில் அந்தப் பலகைக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நத்தையைக் கொல்ல மருந்து போட்டால் குளத்து மீனும் சேர்ந்து மிதக்கும். கொக்கை விரட்டவும் முடியாது, விரட்டவும் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் உதவியது, நேரத்தோடு வந்ததும் என்ன என்று தெரிந்திருந்ததும்தான். கட்டி சின்னதாக இருந்தால் ஸ்டீராய்டு சொட்டுமருந்தில் அடங்கிவிடும். பெரிதாகிவிட்டால் ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். புழுவைக் கொல்லத் தனி மருந்து வேண்டியதில்லை, அது ஏற்கெனவே செத்துவிட்டது. அடக்க வேண்டியது உடம்பின் கோபத்தைத்தான்.

எகிப்திலும் இதே கண் இருந்தது. நைல் ஆற்றிலும் கால்வாய்களிலும் குளித்த பிள்ளைகளுக்குக் கண்ணின் உள்ளறையில் இதே வெண்முடிச்சு வருவதை அங்குள்ள மருத்துவர்கள் 2017-இல் பதிவு செய்தார்கள். தென்னிந்தியக் கட்டுரைகள் முன்னால் வந்திருந்ததால் அவர்கள் எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டு தேடினார்கள். பில்ஹார்ஸ் கெய்ரோவில் சிறுவனின் குடலைத் திறந்து பார்த்து 166 வருஷம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் சொன்னால் பழவேற்காட்டிலிருந்து கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் வரும் மீன்காரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “அப்போ மடவைய ஜனங்க வாங்க மாட்டாங்களா?” தாராளமாக வாங்கலாம். மீனுக்குள் உறங்கும் கூடு குழம்பு கொதிக்கும் சூட்டைத் தாங்காது. புளியும் மிளகாயும் சேர்த்துப் பொங்கப் பொங்கக் காய்ச்சும் நம் அடுப்பில் வாய் வழி அடைபட்டுவிட்டது. மீனைக் கழுவிய கையால் கண்ணைத் தொட்டாலும் இந்தப் புழு வராது, ஏனென்றால் கண்ணுக்கு வருவது நத்தையிலிருந்து அப்போதுதான் கிளம்பிய, நீந்தும் லார்வா. சந்தேகப்பட வேண்டிய இடம் நத்தை நிறைந்த நன்னீர்க் குளம். விடுமுறைக்குப் பிறகு பிள்ளையின் ஒரு கண் மட்டும் சிவந்து, ஒரு வாரத்துக்கு மேலாகியும் தெளியாமல், வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால், மருந்துக்கடையில் சொட்டுமருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் எந்தக் குளத்தில் குளித்தான் என்று சொல்லிவிட வேண்டும்.